காவி ஏறிய பல்லும் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண்ணும்: பென்னாகரம் வட்டத்துத் தாய் ஒருவரின் உடல்நலத் தகவல் தேடல் குறித்த நிகழ்வு ஆய்வு

பென்னாகரம் வட்டத்தில் நான் பணியாற்றும் ஊர்ப்புற நூலகத்துக்குச் சென்ற ஆண்டுக் கோடையில் ஒரு பிற்பகல், நான்காம் வகுப்பை முடித்திருந்த மகனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தாய் வந்தார். பையன் வாயைத் திறக்கவே மறுத்தான். முன்பற்களில் குறுக்குக் கோடுகளாகப் பழுப்பேறியிருந்ததைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பதால், அவன் பேசும்போதுகூட மேலுதட்டை இழுத்து மூடிக்கொள்ளப் பழகியிருந்தான். "பல்லு காவி போறதுக்குப் போன்ல பார்த்தேன் சார், ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு போட்டிருக்காங்க, எதைச் செய்யறதுன்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்று அந்தத் தாய் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். இணையத்தில் உள்ள உடல்நலத் தகவல் தளங்கள் பயனருக்கு மனநிறைவு தருகின்றனவா என்ற கேள்வியைப் பல காலமாக மனத்தில் வைத்திருந்த நான், அந்த ஒரு குடும்பத்தின் தேடலை அடுத்த ஆறு வாரங்கள் அவர்களுடைய இசைவோடு பின்தொடர்ந்து எழுதி வைத்தேன். அக்குறிப்புகளே இந்த ஆய்வுக்கு அடிப்படை. குடும்பத்தாரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் அவர்கள் பார்த்த தளங்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

அந்தத் தாய் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். வீட்டை ஒட்டிய நிலத்தில் மல்பெரி நட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறார். கணவர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் மாதம் ஒருமுறை வருபவர். வீட்டில் மகனைத் தவிர மூன்று வயது மகளும், முழங்கால் வலியால் குந்தி உட்கார முடியாத மாமியாரும் இருக்கின்றனர். வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியில் தட்டச்சு செய்யும் பழக்கம் அவருக்கு இல்லை. குரல் வழியாகத் தமிழிலேயே தேடுகிறார். இந்தக் கடைசிச் செய்தி சிறியதாகத் தோன்றினாலும் பின்னால் வருவதற்கெல்லாம் முக்கியமானது. எந்தச் சொல்லை வாயால் சொல்கிறோமோ அந்தச் சொல் இருக்கும் பக்கங்களே பெரும்பாலும் முன்னால் வந்து நிற்கும். "பல்லு காவி" என்று கேட்பவருக்குக் காவியைப் போக்கும் பக்கங்கள் வரும். குடிநீரில் மிகுந்த புளோரைடு உப்பால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் நோயின் பெயரை, "புளோரோசிஸ்" என்று கேட்கத் தெரிந்தவருக்கே அதைப் பற்றிய பக்கங்கள் வரும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருப்பது புதிய செய்தி அன்று. இங்குள்ள கடினப்பாறைகளின் கனிமங்களிலிருந்து அது மெல்லக் கரைந்து நீரில் சேர்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது; உலக நலவாழ்வு அமைப்பின் வழிகாட்டு அளவும் 1.5 மில்லிகிராமே. இந்த இடரைத் தீர்ப்பதற்காகவே ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1,928.80 கோடி ரூபாய் என்ற திருத்திய மதிப்பீட்டில் 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. திட்டத்தின் முழுப் பெயரிலேயே 'புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு' என்ற சொற்கள் உண்டு. ஆனால் மக்கள் வழக்கில் அது 'ஒகேனக்கல் தண்ணி' மட்டுமே. நல்ல தண்ணீர், காவிரித் தண்ணீர் என்று அதை விரும்பிப் பிடிப்பவர்களில் எத்தனையோ பேருக்கு, அது வராத நாளில் குடிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரில் என்ன இருக்கிறது என்பது சுவையளவில் மட்டுமே தெரியும். புளோரைடுக்கோ தனிச் சுவையும் இல்லை, நிறமும் இல்லை. இந்தத் தாயின் வீட்டிலும் குழாய் நீர் வரும் நாளில் அதைக் குடிப்பார்கள், வராத நாளில் தெருமுனை ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பார்கள்.

அவர் பார்த்திருந்த பக்கங்களை அவரையே வரிசையாகத் திறந்து காட்டச் சொன்னேன். முதலாவது, வீட்டு மருத்துவக் குறிப்புகளை வெளியிடும் ஒரு தமிழ்த் தளம். சமையல் சோடாவோடு எலுமிச்சைச் சாறு கலந்து தேய்த்தால் ஒரே வாரத்தில் பல் முத்துப்போல் வெளுக்கும் என்று அதில் இருந்தது. படங்கள் பெரியவை, வாக்கியங்கள் சிறியவை, முழுப் பக்கமும் இரண்டு நிமிடத்தில் படித்து முடிக்கக்கூடியது. இரண்டாவது, பொதுவான குடிநீர் பராமரிப்பைப் பற்றிய வேறொரு தமிழ்ப் பக்கம். குழந்தைகளுக்கு எந்த நீரையும் நன்றாகக் கொதிக்கவைத்தே கொடுக்க வேண்டும் என்று அது வற்புறுத்தியது. மூன்றாவது, அமெரிக்கப் பக்கம் ஒன்றின் இயந்திர மொழிபெயர்ப்பு. புளோரைடு பல்லைப் பாதுகாக்கும், அது கலந்த குடிநீரால் பற்சொத்தை குறையும் என்று அதில் இருந்தது. நான்காவது, இந்தியாவில் புளோரோசிஸ் தடுப்பைப் பற்றி ஆங்கிலத்தில் அமைந்த நீண்ட ஆவணம். பற்களின் படத்தைப் பார்த்து அதைத் திறந்தவர், எழுத்தைக் கண்டதும் மூடிவிட்டார்.

இந்த நான்கையும் அவர் மதிப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அதற்கு நான் பயன்படுத்திய படிவம், வில்லியம் டால், கோலாம்ரேசா டோர்க்சாதே ஆகிய இருவரும் 1988-இல் வெளியிட்ட 12 கேள்விகள் கொண்ட பயனர் மனநிறைவு அளவுகோலைச் சுருக்கித் தமிழாக்கியது. உள்ளடக்கம், துல்லியம், வடிவம், பயன்படுத்த எளிமை, காலத்துக்கேற்ற தன்மை என்ற ஐந்து கூறுகளை அந்த அளவுகோல் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தரலாம். வீட்டு மருத்துவப் பக்கம் ஐந்து கூறுகளிலும் ஐந்துக்கு ஐந்து பெற்றது. கொதிக்கவைக்கச் சொன்ன பக்கம் அதற்கு அடுத்த நிலையில் வந்தது. இயந்திர மொழிபெயர்ப்புக்கு வடிவத்தில் நல்ல மதிப்பெண்ணும் எளிமையில் குறைந்த மதிப்பெண்ணும் கிடைத்தன. ஆங்கில ஆவணத்துக்கு எல்லாக் கூறுகளிலும் ஒன்று. அதைப் படிக்காமலேயே எப்படி மதிப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு, "எனக்குப் புரியாதது எனக்கு எதுக்கு சார்" என்றார். அந்த விடை நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

இந்த வரிசை மருத்துவ வகையில் சரியான வரிசைக்கு ஏறத்தாழ நேர்த் தலைகீழ். நான் மருத்துவர் இல்லை. ஆகவே மறுநாளே தாயையும் மகனையும் அரசு மருத்துவமனையில் ஒரு பல் மருத்துவரிடம் அனுப்பி, அவர் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டேன். பையனின் பல்லில் இருப்பது வெளியே படிந்த கறை அன்று. பல்லின் கடினமான மேலுறையாகிய எனாமல் உருவாகும் வயதில் உடலுக்குள் சென்ற மிகுதியான புளோரைடால் எனாமலுக்குள்ளேயே ஏற்பட்ட மாற்றம் அது. இரு பக்கத்திலும் ஒரே பற்களில் ஒரே மாதிரி கிடைமட்டக் கோடுகளாக அமைவது அதன் இயல்பு. உள்ளே இருப்பதை வெளியே தேய்த்து எடுக்க முடியாது. எலுமிச்சையின் அமிலம் ஏற்கெனவே நலிந்திருக்கும் எனாமலை இன்னும் அரிக்கும். வேண்டுமானால் மேற்பரப்பை மெல்ல இழைத்தோ பல் நிறப் பூச்சுப் பூசியோ பல் மருத்துவர் தோற்றத்தைச் சீராக்கலாம், அதுவும் பையன் கொஞ்சம் வளர்ந்தபின்.

கொதிக்கவைக்கும் அறிவுரை இதைவிட நுட்பமாகத் தவறியது. கிருமிகளைக் கொல்லும் வகையில் அது சரியான அறிவுரை. தமிழகத்தின் எத்தனையோ ஊர்களில் அதைப் பின்பற்றுவோர் நன்மையே பெறுவர். ஆனால் புளோரைடு கொதித்தால் போவதில்லை, ஆவியாவது நீர் மட்டுமே. லிட்டருக்கு 2 மில்லிகிராம் புளோரைடு உள்ள 4 லிட்டர் நீரை 3 லிட்டராகச் சுண்டக் காய்ச்சினால், எஞ்சும் நீரில் லிட்டருக்கு 2.6 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். இந்தத் தாய் அந்தப் பக்கத்தைப் படித்த நாள் முதல் தம் மூன்று வயது மகளுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரை மிகுந்த அக்கறையோடு நீண்ட நேரம் காய்ச்சிக் கொடுத்து வந்திருந்தார். அதை அவர் சொல்லக் கேட்டபோது என் நெஞ்சு பதறியதை மறைக்க வேண்டியதில்லை. அக்கறை இல்லாத தாயாக இருந்திருந்தால் அந்தக் குழந்தைக்குக் குறைந்த புளோரைடே போயிருக்கும்.

மொழிபெயர்ப்புப் பக்கத்தில் பொய் எதுவும் இல்லை. அமெரிக்காவில் 1945-இல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் குடிநீரில் புளோரைடு கலக்கத் தொடங்கினர்; இன்று அந்நாடு பரிந்துரைக்கும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். இயல்பாகவே புளோரைடு குறைந்த நீருள்ள ஊர்களுக்கு அது பயன்பட்ட ஏற்பாடு. நீரில் குறைவாக இருப்பதைக் கூட்டும் நாட்டுக்காக எழுதிய வாக்கியத்தை, மிகுதியாக இருப்பதைக் குறைக்கப் பல நூறு கோடி செலவிட்ட மாவட்டத்தில் ஒருவர் தமிழில் படிக்கிறார். மொழி மாறியிருக்கிறது, நிலம் மாறவில்லை. மொழிபெயர்ப்பு நன்றாக இருந்திருந்தால் இடர் இன்னும் பெரிதாகியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கரடுமுரடான தமிழே அவரை அந்தப் பக்கத்தை நம்பாமல் தடுத்தது.

இங்கே மனநிறைவு அளவுகோலின் மீது என் முதன்மையான குறையைச் சொல்லியாக வேண்டும். 1988-இல் அந்த அளவுகோல் உருவானபோது, அது நிறுவனங்களில் கணினியைத் தம் வேலைக்குப் பயன்படுத்தியவர்களுக்காக உருவானது. கணக்குப் பிரிவில் இருப்பவர் கணினி தந்த அறிக்கையைப் பார்த்து, இது துல்லியமா என்று சொல்ல முடியும்; ஏனெனில் சரியான கணக்கு அவர் கையில் இருக்கிறது. உடல்நலத் தளத்தைத் திறப்பவரோ தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளவே வருகிறார். அவரிடம் போய் 'துல்லியம் உங்களுக்கு நிறைவளித்ததா' என்று கேட்டால், அவர் எதை வைத்து விடை சொல்வார்? பக்கத்தின் தோற்றத்தையும் மொழியின் தெளிவையும் வைத்தே சொல்வார். அதாவது வடிவத்துக்கும் எளிமைக்கும் தந்த மதிப்பெண்ணையே துல்லியம் என்ற பெயரில் மறுபடியும் தருகிறார். இந்தத் தாயின் படிவத்தில் நடந்தது அதுதான்.

தகவலின் தரத்தைத் தனியே அளக்கும் கருவிகளும் உண்டு. சிகிச்சை பற்றிய எழுத்துகளை மதிப்பிட ஆக்ஸ்போர்டில் உருவாகி 1999-இல் வெளிவந்த 'டிஸ்கர்ன்' 16 கேள்விகளைக் கொண்டது. நோக்கம் தெளிவா, ஆதாரம் எது, எப்போது எழுதியது, உறுதியற்றவற்றை ஒப்புக்கொள்கிறதா என்றெல்லாம் கேட்கும். ஜெனீவாவில் 1995-இல் தோன்றிய 'ஹெல்த் ஆன் த நெட்' அறக்கட்டளை, நெறிகளைப் பின்பற்றும் தளங்களுக்கு ஒரு முத்திரை அளித்து வந்தது; 2022-இல் அந்தப் பணி நின்றுபோயிற்று. இவை மதிக்கத்தக்க முயற்சிகள். ஆயினும் அந்த அமெரிக்கப் பக்கத்தை இவற்றால் அளந்தால் அது நன்றாகவே தேறும் என்பது என் கணிப்பு. 'இது பொருத்தமானதா' என்ற கேள்வியும் டிஸ்கர்னில் இருக்கிறது. ஆனால் அதற்கு விடை சொல்ல, படிப்பவருக்குத் தம் ஊர்த் தண்ணீரைப் பற்றி முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

தளங்கள் தவறியதைவிட இந்த நிகழ்வில் என்னை அதிகமாக உறுத்தியது வேறு. அந்தத் தாய் கேட்ட கேள்வி, மகனின் பல்லை எப்படி வெளுக்கவைப்பது என்பது. அக்கேள்விக்கு முதல் பக்கம் நேரடியாக விடை சொன்னது. ஆகவே நிறைவு ஏற்பட்டது. ஆனால் அந்த வீட்டில் அவசரமான கேள்வி பையனைப் பற்றியது அன்று. ஒன்பது வயதுப் பையனின் பற்களில் நிகழ வேண்டியது நிகழ்ந்து முடிந்துவிட்டது. நிலைப்பற்களின் எனாமல் ஏறத்தாழ எட்டு வயது வரையே உருவாகிறது. மூன்று வயது மகளின் பற்கள் ஈறுக்குள் இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அவளைத்தான் இன்னும் காப்பாற்ற முடியும். அவளைப் பற்றி அந்தத் தாய் எந்தத் தளத்திலும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எந்தத் தளமும் அவருக்கு உணர்த்தவும் இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியல் விதிகள் ஐந்தில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. எங்கள் பணியில் அதன் பொருள், வாசகர் கேட்டதை எடுத்துக் கொடுப்பதற்கு முன் அவர் எதற்காகக் கேட்கிறார் என்று கேட்டறிவது. நானும் அன்று முதலில் கைப்பேசியைத்தான் வாங்கிப் பார்த்தேன். வீட்டில் வேறு குழந்தை உண்டா என்று கேட்டது அரைமணி நேரம் கழிந்த பிறகு.

அந்தக் கேள்வியை எனக்கு முன்பே கேட்க வாய்ப்பிருந்தவர் ஒருவர் உண்டு. மாமியாருக்கு இரத்த அழுத்த மாத்திரை கொடுக்க மாதந்தோறும் வீட்டுக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத் தன்னார்வலர் அவர். இத்திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தப் பெண்ணிடம் பையனின் பல்லைப் பற்றிக் குடும்பத்தார் பேசியதே இல்லை. பல் ஒரு நோயாக அவர்களுக்குத் தோன்றவில்லை. நிலைமையைச் சொன்னதும் அவர் மாமியாரை மூன்று செயல்கள் செய்து பார்க்கச் சொன்னார்: முழங்காலை மடக்காமல் குனிந்து தரையில் கிடக்கும் நாணயத்தை எடுப்பது, தாடையை மார்பில் தொடுவது, இரு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொள்வது. எலும்பைப் பாதிக்கும் புளோரோசிஸை ஐயுறுவதற்கு இந்தியக் களப்பணியாளர்கள் கையாளும் எளிய சோதனைகள் இவை. மாமியாரால் முதல் இரண்டையும் செய்ய முடியவில்லை. வயதாலும் அது நேரலாம். ஆகவே மருத்துவரிடம் காட்ட அழைத்துச் சென்றனர். அந்த அம்மையார் அதுவரை இணையத்தில் கண்ட ஒரு வலி எண்ணெயை வரவழைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்று நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதனைக்குக் கொடுத்தோம், புளோரைடு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. அதற்குப்பின் அந்த வீட்டில் செய்த மாற்றங்கள் எளியவை. ஒகேனக்கல் நீர் வரும் நாளில் குடிக்கவும் சமைக்கவும் போதுமான அளவை மூடியுள்ள குடங்களில் தனியே பிடித்துவைப்பது, ஆழ்துளைக் கிணற்று நீரைக் குளிக்கவும் துவைக்கவும் மட்டும் வைத்துக்கொள்வது, சிறுமி பற்பசையை விழுங்காமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது, பிள்ளைகளுக்குத் தேநீர் தருவதை நிறுத்துவது, பாலும் நெல்லிக்காயும் கீரையும் உணவில் கூட்டுவது. சோறும் குழம்பும் வேகும் நீரைப் பற்றி யாரும் முதலில் நினைக்கவில்லை. குடிக்கும் தம்ளரை மட்டுமே மனத்தில் வைத்திருந்தார்கள். இவை அனைத்தும் அவர் மதிப்பெண் ஒன்று கொடுத்து மூடிய அந்த ஆங்கில ஆவணத்தில் இருந்தவையே. அதிலிருந்து இந்த வீட்டுக்கு வேண்டியவற்றை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, "பல்லு காவி", "உப்புத் தண்ணி", "போர் தண்ணி" என்று ஊரில் வழங்கும் சொற்களையே தலைப்புகளாக வைத்து, அதைக் குரலிலும் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் அது அவருடைய மகளிர் குழுவுக்குள் போய்விட்டது.

ஆறு வாரம் கழித்து அதே படிவத்தை அவரிடம் மறுபடி கொடுத்தேன். கொதிக்கவைக்கச் சொன்ன பக்கத்தின் உள்ளடக்கத்துக்கு இப்போது இரண்டு மதிப்பெண்ணே கொடுத்தார். அந்தப் பக்கத்தின் மீது அவருக்குக் கோபமும் இருந்தது. வீட்டு மருத்துவப் பக்கத்தின் உள்ளடக்கத்தைக் குறைத்தவர், அதன் வடிவத்துக்கும் எளிமைக்கும் பழையபடியே ஐந்து கொடுத்தார். எனக்குப் புரிந்தது புரிந்ததுதானே என்றார். தளங்களைப் பயன்படுத்திய கையோடு திரையில் தோன்றும் 'இந்தப் பக்கம் பயனுள்ளதாக இருந்ததா' என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை, புரிந்ததா என்பதற்கான விடை மட்டுமே என்று நான் எண்ணுவது இதனால்தான். அந்த அறிவுரையைக் கொண்டு வீட்டில் என்ன செய்தார்கள், அதனால் என்ன நேர்ந்தது என்று சில வாரம் கழித்துக் கேட்காத எந்த ஆய்வும் முதல் நாளின் ஐந்துக்கு ஐந்தை மட்டுமே பதிவு செய்துகொண்டு போகும்.

துல்லியம் என்ற வரிசைக்கு வந்தபோது அவர் பேனாவை வைத்துவிட்டார். "இதை நான் எப்படி சார் சொல்லறது? போன தடவையும் சும்மாதான் போட்டேன்" என்றார். அந்தக் கட்டங்களை நான்கு தளங்களுக்கும் வெற்றாகவே விட்டோம். இப்போது நூலகத்தில் உடல்நலத் தகவல் தேடி வருவோரிடம் நான் கொடுக்கும் படிவத்தில் அந்த வரிசை இல்லை. அதற்குப் பதிலாக முதல் இரண்டு கேள்விகளாக, வீட்டில் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதும், அவர்கள் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் இருக்கின்றன.